கூட்டு மாத்திரையில் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டிலும் மாறி மாறி, மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பி.ஃபார்ம், எம்.ஃபார்ம் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், திருப்பாதிரிப்புலியூரில் மெடிக்கல் வைத்திருப்பவர்கள், சொந்தக்காரர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே திருப்பி எழுதவில்லை. எங்கே தப்பு நடக்கிறது என்று கண்ணால் பார்த்த இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

கூட்டு மருந்து என்றால் எது?

ஒரே மாத்திரையில், காப்ஸ்யூலில் அல்லது சிரப்பில் இரண்டோ அதற்கு மேலோ செயல்படும் மருந்துகள் குறிப்பிட்ட அளவில் சேர்ந்திருந்தால் அது கூட்டு மருந்து. பாராசிட்டமால் 325 மி.கி. + இபுப்ரோஃபென் 400 மி.கி., அட்டெனோலால் 50 + அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 + கிளிமிபிரைடு 1, அமாக்ஸிசிலின் 500 + கிளாவுலானிக் அமிலம் 125 ஆகியவை எல்லார் வீட்டிலும் புழங்குகிறவை. '625' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த எண் 500-யும் 125-யும் கூட்டி வந்ததுதான்.

எல்லாக் கூட்டும் தேவையான கூட்டு என்று சொல்லிவிட முடியாது. 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டுகளைத் தடை செய்தது. வழக்கு, மறுபரிசீலனை எல்லாம் முடிந்து 2018 செப்டம்பரில் 328 கூட்டுகளுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. சேர்த்துத் தருவதால் நோயாளிக்கு என்ன பலன் என்று காட்ட முடியாதவை இவற்றில் ஏராளம்.

அக்கா, மாத்திரையைக் கரைத்து யூவி மெஷினில் ஒரே ரீடிங் எடுத்தால் தெரிந்துவிடாதா?

யூவி மெஷின் என்பது கரைசல் எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. ஒரே மருந்து உள்ள மாத்திரையென்றால் தெரியும். இரண்டு இருந்தால் தெரியாது. இதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லால் விளக்குவதில்லை, கணக்குப் போட வைக்கிறேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்கு வசதியாக நான் வைத்தவை.

முதல் அலைநீளத்தில் 'அ' என்ற மருந்து ஒரு மைக்ரோகிராமுக்கு 0.06 ஒளியை உறிஞ்சுகிறது, 'ஆ' 0.02 உறிஞ்சுகிறது. இரண்டாம் அலைநீளத்தில் 'அ' 0.01, 'ஆ' 0.05. ஒரு மில்லி கரைசலில் 'அ' 10 மைக்ரோகிராமும் 'ஆ' 5 மைக்ரோகிராமும் இருக்கின்றன. முதல் அலைநீளத்தில் ரீடிங் 0.60 + 0.10 = 0.70 வரும். இரண்டாவதில் 0.10 + 0.25 = 0.35.

இப்போது 'ஆ' இருப்பதையே மறந்துவிட்டு 0.70-ஐ 0.06-ஆல் வகுத்தால் 'அ' 11.67 என்று வரும். 100 சதவீதம் இருக்கும் மருந்து 116.7 சதவீதம் என்று காட்டுகிறது. அதேபோல 0.35-ஐ 0.05-ஆல் வகுத்தால் 'ஆ' 7, அதாவது 140 சதவீதம்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 'அ' 8 மைக்ரோகிராம்தான் இருக்கிறது, 'ஆ' 11 இருக்கிறது என்று வையுங்கள். முதல் அலைநீளத்தில் 0.48 + 0.22 = 0.70. நல்ல மாத்திரைக்கு வந்த அதே எண். ஒரு மருந்து குறைவு, இன்னொன்று இரண்டு மடங்குக்கு மேல், மெஷினோ 0.70 என்றே காட்டுகிறது. கூட்டு மருந்தை அளப்பவர் தினமும் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: ஒன்றை அளக்கும்போது மற்றது அந்த எண்ணுக்குள் நுழையவில்லை என்று முதலில் காட்டியாக வேண்டும். சரியான எண் வருகிறதா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான்.

எங்கள் கல்லூரியில் யூவி மட்டும்தான் இருக்கிறது. அதில் கூட்டு மருந்தைச் செய்யவே முடியாதா?

தாராளமாகச் செய்யலாம். மேலே போட்ட கணக்கையே இரண்டு சமன்பாடாக எழுதித் தீர்த்தால் 10-உம் 5-உம் சரியாக வந்துவிடும். போட்டுப் பாருங்கள். கார்ல் ஃபியரார்ட் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் பெயரில் வழங்கும் முறை இது, பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் இப்படிப் பிரித்துக் கணக்கிடலாம்.

இரண்டு மருந்தும் ஒரே அளவு உறிஞ்சும் அலைநீளம் ஒன்று கிடைத்தால் உறிஞ்சல் விகித முறை கைகொடுக்கும். அந்த இடத்து ரீடிங் இரண்டின் கூட்டுத்தொகையைச் சொல்லும், வேறொரு இடத்து ரீடிங்கோடு அதன் விகிதம் பங்கைச் சொல்லும். நிறமாலை வளைவின் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற படம்) சரிவை வரைந்து, ஒரு மருந்தின் சரிவு பூஜ்யமாகும் இடத்தில் மற்றதை அளப்பது இன்னொரு வழி.

சில கூட்டுகளில் வேலை இன்னும் சுலபம். அட்டெனோலால், அம்லோடிபின் ஜோடியில் அம்லோடிபின் 360 நானோமீட்டர் பக்கத்திலும் உறிஞ்சும். அட்டெனோலால் அங்கே எதுவும் உறிஞ்சாது. அம்லோடிபினை அங்கே தனியாகப் பிடித்துவிட்டு, கீழே 226 பக்கத்து ரீடிங்கில் அதன் பங்கைக் கழித்துவிடலாம். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, இரண்டு மருந்தின் நிறமாலையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தாயா என்றுதான். பார்த்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

யூவி முறையின் பலவீனத்தையும் ப்ராஜெக்ட்டில் மறைக்காமல் எழுதுங்கள். ஒன்றின் அளவு மற்றதைவிட ஐம்பது, நூறு மடங்கு என்றால் சமன்பாடு ஆட்டம் காணும். பெரிய எண்ணில் வரும் சின்னப் பிழையே சின்ன எண்ணை விழுங்கிவிடும். மருந்து சிதைந்து வந்த பொருளும் பெரும்பாலும் தாய் மருந்து உறிஞ்சும் இடத்திலேயே உறிஞ்சுவதால், கெட்டுப்போன மாத்திரையும் நல்லதுபோலக் காட்டக்கூடும்.

ஹெச்பிஎல்சி என்ன கூடுதலாகச் செய்கிறது?

ஹெச்பிஎல்சி என்பது திரவத்தை அழுத்தத்தில் ஒரு குழாய் வழியே ஓட்டி மருந்துகளைப் பிரிக்கும் கருவி. முதலில் பிரிக்கிறது, அப்புறம் அளக்கிறது.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு பஸ் ஒரே நிமிடத்தில் கிளம்புகின்றன. ஒன்று ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று எல்லா இடத்திலும் நின்று நின்று போகிறது. மற்றது எங்கும் நிற்பதில்லை. ஒரே சாலைதான், ஆனால் போய்ச் சேரும் நேரம் வேறு. கருவிக்குள் சாலையாக இருப்பது 'காலம்' என்று லேபில் சொல்லும் எஃகுக் குழாய். பொதுவாக 250 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே 5 மைக்ரோமீட்டர் சிலிக்காத் துகள்கள். துகளின் மேல் 18 கார்பன் சங்கிலி ஒட்டியிருந்தால் அது சி18. கொழுப்புக் குணமுள்ள மருந்து அந்தச் சங்கிலியில் ஒட்டி ஒட்டி மெதுவாக வரும், நீரை விரும்பும் மருந்து சட்டென்று வெளியே வந்துவிடும். பம்ப் நிமிடத்துக்கு ஒரு மில்லி வேகத்தில் மொபைல் ஃபேஸ் என்ற ஓடும் திரவத்தைத் தள்ளுகிறது. அது பெரும்பாலும் பாஸ்பேட் பஃபரும் (பிஹெச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) அசிட்டோநைட்ரைலும் அல்லது மெத்தனாலும் கலந்தது. குழாயின் முடிவில் யூவி டிடெக்டர் ஒவ்வொரு மருந்தையும் தனிப் பீக்காக, அதாவது ஒரு மேடாக, வரைகிறது. அந்தப் பீக்கின் பரப்பை, தெரிந்த அளவு எடுத்த ஸ்டாண்டர்டின் பரப்போடு ஒப்பிட்டால் அளவு வந்துவிடும்.

சாம்பிளை ஏற்றுவதற்கு முன் கருவி அன்றைக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. ஸ்டாண்டர்டைக் கருவிக்குள் ஐந்து ஆறு முறை செலுத்தினால் பரப்புகள் 2 சதவீத விலகலுக்குள் இருக்க வேண்டும், பீக்கின் வாலைக் காட்டும் எண் 2-ஐத் தாண்டக்கூடாது, பக்கத்துப் பக்கத்துப் பீக்குகளுக்கு நடுவே பிரிவைக் காட்டும் எண் 2-க்குக் குறையக்கூடாது. பெரும்பாலான முறைகளில் இப்படித்தான் இருக்கும். கூட்டு மருந்தில் கடைசியாகச் சொன்ன அந்தப் பிரிவுதான் உயிர்நாடி.

மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு கூட்டைச் செய்யச் சொன்னால் ஏன் எல்லாரும் தயங்குகிறார்கள்?

500 மி.கி.க்கு 1 மி.கி. என்பதால்தான். ஐந்நூறு பேர் கத்தும் இடத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்பது மாதிரி.

ஒரு மாத்திரைக்குச் சமமான தூளை 100 மில்லியில் கரைத்தால் மெட்ஃபார்மின் ஒரு மில்லிக்கு 5000 மைக்ரோகிராம், கிளிமிபிரைடு 10 மைக்ரோகிராம். இதை அப்படியே செலுத்தினால் கிளிமிபிரைடு நன்றாகத் தெரியும், மெட்ஃபார்மின் பீக் உச்சி தட்டையாகிக் கணக்குக்கு உதவாமல் போகும். மெட்ஃபார்மினுக்காக நூறு மடங்கு நீர்த்தால் அது 50 ஆகும், கிளிமிபிரைடு 0.1 ஆகிக் கீழ்க்கோட்டோடு கலந்துவிடும். ஆகவே ஒரே தாய்க்கரைசலிலிருந்து இரண்டு நீர்ப்பு வேண்டும். ஒன்று கிளிமிபிரைடுக்கு, ஒன்று மெட்ஃபார்மினுக்கு. 'ஒரே இன்ஜெக்ஷனில் இரண்டும்' (கருவிக்குள் ஒரே தடவை செலுத்தி இரண்டையும் அளப்பது) என்று கட்டுரைத் தலைப்பு போடும் ஆசையில் இதைத் தவிர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

இரண்டின் குணமும் எதிரெதிர். மெட்ஃபார்மின் தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரையும், சாதாரண சி18 குழாயில் நிற்காமல் கரைப்பான் பீக்கோடு சேர்ந்தே ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்த அயனி ஜோடி சேர்க்கும் பொருளை மொபைல் ஃபேஸில் போட வேண்டியிருக்கும். கிளிமிபிரைடு தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது.

அந்தக் கரையாமைதான் எனக்கு ஒரு ராத்திரியைப் பாடமாக்கியது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், நைட் ஷிஃப்ட். மெட்ஃபார்மின் 99.4 சதவீதம், கிளிமிபிரைடு 83. தயாரிப்புப் பிரிவுக்குச் சொன்னதும் சத்தம் கிளம்பிவிட்டது. சீனியர் அக்கா ஒருவர் வந்து, எதுவும் பேசாமல் என் பிளாஸ்க்கை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அடியில் வெள்ளையாக நுண்ணிய படிவு. எக்ஸிபியன்ட் (மருந்தல்லாத துணைப்பொருள்) என்று நான் நினைத்திருந்தேன். மெத்தனால் கூடுதலாகச் சேர்த்து, இருபது நிமிடம் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் கரைக்கும் தொட்டி) வைத்து, நடுநடுவே குலுக்கி, அறைச் சூட்டுக்கு வந்தபின் அளவு சேர்த்து மறுபடி செலுத்தினோம். கிளிமிபிரைடு 98.7. மாத்திரையில் குறை எதுவும் இருக்கவில்லை. நான் வெளியே எடுக்காத மருந்தைத்தான் இல்லாத மருந்து என்று எழுதியிருக்கிறேன். என்ன நடந்தது என்பதை முதல் எண்ணோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுத வைத்தார் அந்த அக்கா.

வடிகட்டியையும் சந்தேகப்படுங்கள். சிறிய அளவு மருந்தைச் சில வடிகட்டிகள் தங்களிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் சில மில்லியைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் சேகரிக்க வேண்டும். வடிகட்டிய ஸ்டாண்டர்டையும் வடிகட்டாத ஸ்டாண்டர்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

லேபிளில் அம்லோடிபின் 5 மி.கி., ஃபார்முலாவில் 6.93 மி.கி. எது சரி?

இரண்டும் சரி. மாத்திரையில் போடுவது அம்லோடிபின் பெசிலேட் என்ற உப்பு. 6.93 மி.கி. உப்பில் 5 மி.கி. அம்லோடிபின் இருக்கிறது. மூலக்கூறு எடை உப்புக்கு 567, தனி அம்லோடிபினுக்கு 409. ஸ்டாண்டர்டாக உப்பை எடை போட்டுவிட்டுக் கணக்கில் இந்தக் காரணியைப் பெருக்க மறந்தால் 38.7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மெட்ஃபார்மினில் லேபிளே ஹைட்ரோகுளோரைடு உப்பின் அளவைத்தான் சொல்கிறது, அங்கே மாற்ற வேண்டியதில்லை. ஒரே அலமாரியில் இரண்டு வழக்கமும் இருப்பதால், கணக்குத் தாளைத் தொடங்கும் முன் லேபிளின் முழு வரியையும் வாசியுங்கள்.

முறையைச் சரிபார்ப்பதில் எதை முதலில் செய்வது?

ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பின் கியூ2 வழிகாட்டுதலில் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நேர்கோட்டுத்தன்மைக்குக் குறைந்தது ஐந்து செறிவு, துல்லியத்துக்கு மூன்று நிலைகளில் மொத்தம் ஒன்பது தீர்மானங்கள், அஸேவுக்கு (மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) 80 முதல் 120 சதவீதம் வரையிலான வீச்சு, இப்படி. பிள்ளைகள் உடனே நேர்கோட்டுக்கு ஓடுகிறார்கள், கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்று காட்டும் எண் (முழு நேர் என்றால் 1) 0.999 வந்ததும் முகம் மலர்கிறது. தப்பான பீக்குக்கும் 0.999 வரும்.

முதலில் தனித்தன்மை. வெறும் கரைப்பான், மருந்தே இல்லாத பிளாசிபோ தூள், 'அ' மட்டும், 'ஆ' மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று ஐந்தையும் செலுத்துங்கள். 'அ' வரும் நேரத்தில் மற்ற எதுவும் வரக்கூடாது. அப்புறம் மருந்தை வேண்டுமென்றே கெடுங்கள். அமிலம், காரம், ஹைட்ரஜன் பெராக்ஸைடு, சூடு, வெளிச்சம். கெட்டதால் வந்த பீக்குகள் தாய்ப் பீக்கின் அடியில் ஒளிந்திருக்கின்றனவா என்று பிடிஏ டிடெக்டரில் (பீக்கின் ஒவ்வொரு புள்ளியிலும் முழு நிறமாலையை எடுப்பது) பாருங்கள். பீக்கின் ஏறுமுகம், உச்சி, இறங்குமுகம் மூன்றிலும் நிறமாலை ஒன்றாக இருக்க வேண்டும். தாய் மருந்தின் நிறமாலையும் சிதைவின் நிறமாலையும் அச்சாக ஒன்றே என்றால் பிடிஏவும் ஏமாறும். அங்கே மூலக்கூறின் எடையைப் பார்க்கும் எல்சி-எம்எஸ்தான் வழி.

கூட்டு மருந்தில் இந்தக் கெடுக்கும் வேலையைத் தனித்தனி மருந்திலும் செய்ய வேண்டும், சேர்த்தும் செய்ய வேண்டும். தனியாக நன்றாக இருப்பவை சேர்ந்ததும் சண்டை போடுவது உண்டு. அதைக் காசநோய் மாத்திரையில் பார்க்கலாம்.

காசநோய்க்குத் தரும் நான்கு மருந்துக் கூட்டில் என்ன பிரச்சினை?

என் பார்வையில் அளப்பவரின் பொறுமையை இதைவிடச் சோதிக்கும் மாத்திரை கிடையாது. ரிஃபாம்பிசின் 150, ஐசோனியாசிட் 75, பைரஸினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மி.கி. அரசுத் திட்டத்தில் தினசரி மருந்தாக நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வரும் மாத்திரை.

ரிஃபாம்பிசின் செங்கல் நிறம், 475 நானோமீட்டரில்கூட உறிஞ்சும், அதைப் பிடிப்பது சுலபம். ஐசோனியாசிடும் பைரஸினமைடும் 260-களில் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன, குழாயில்தான் பிரிக்க வேண்டும். எத்தாம்பியூட்டாலில் யூவியை உறிஞ்சும் அமைப்பே இல்லை. மற்ற மூன்றையும் அழகாக வரைந்த டிடெக்டர் இதைக் கண்டுகொள்ளாது. அதற்கென்று தனி ஓட்டம் வைத்து 200 நானோமீட்டர் பக்கம் போக வேண்டும், அல்லது தாமிரத்தோடு சேர்த்து நீல நிறக் கூட்டுப்பொருளாக்கிப் பிடிக்க வேண்டும்.

போதாததற்கு, அமிலச் சூழலில் ரிஃபாம்பிசின் சிதைந்து, அந்தச் சிதைவு ஐசோனியாசிடோடு சேர்ந்து ஹைட்ரஸோன் என்ற வேறொரு பொருளாகிறது. ரிஃபாம்பிசின் மட்டும் இருக்கும் மாத்திரையில் இழப்பு இந்த அளவுக்குப் போகாது. சாம்பிள் கரைசலின் பிஹெச் சரியில்லை என்றால் நம் பிளாஸ்க்கிலேயே மருந்து குறைந்துகொண்டிருக்கும். ரிஃபாம்பிசின் அளவு குறைந்த மாத்திரை ஒரு நோயாளிக்குப் போனால் அது அவரோடு நிற்பதில்லை, மருந்துக்கு அடங்காத காசநோயாக வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். அதனால்தான் இந்த மாத்திரையில் 'கிட்டத்தட்ட சரி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மழைக்காலத்தில் அமாக்ஸிசிலின்–கிளாவுலானிக் மாத்திரையை ஏன் அவசர அவசரமாகச் செய்கிறீர்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்க் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கிளாவுலானேட் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு உடையும். ஸ்ட்ரிப்பைப் பிரித்தால் உடனே தூளாக்கி, எடை போட்டு, கரைத்து, தாமதிக்காமல் செலுத்த வேண்டும். கரைசலிலும் அது நிலைக்காது, சாம்பிள் தட்டைக் குளிரூட்டி வைக்கிறோம். பிஹெச் 4.4 பாஸ்பேட் பஃபர் 95 பங்கு, மெத்தனால் 5 பங்கு, 220 நானோமீட்டர் என்பது நன்கு பழகிய முறை. அமெரிக்க மருந்து நூலில் இந்த மாத்திரைக்கு வரம்பு 90 முதல் 120 சதவீதம் என்று மேலே தாராளமாக இருப்பதும் இந்த நிலையாமையால்தான். காலாவதி வரை தாங்க வேண்டுமே என்று கொஞ்சம் கூட்டியே போடுகிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே மருந்தின் உலர் சிரப்பைத் தண்ணீர் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். லேபிளில் போட்டிருக்கும் நாள், பெரும்பாலும் ஏழு, முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 94 சதவீதம் என்று இருக்கிறது. போலி மருந்தா?

மெடிக்கல் அண்ணன் ஒருவர் பதறிப்போய்க் கேட்டது. இல்லை. பெரும்பாலான மாத்திரைகளுக்கு வரம்பு லேபிள் அளவில் 90 முதல் 110 சதவீதம். பாராசிட்டமாலுக்கு 95 முதல் 105. கூட்டு மருந்தில் ஒவ்வொரு மருந்தும் தன் வரம்புக்குள் தனியாக இருக்க வேண்டும். ஒன்று 104, ஒன்று 88 என்றால் சராசரி 96 என்று தப்பிக்க முடியாது, அந்த பேச் (ஒரே தடவையில் தயாரான மொத்தமும்) ஃபெயில்.

இருபது மாத்திரையைச் சேர்த்து இடித்து அளப்பதால் ஒரு தனி மாத்திரையின் குறை தெரியுமா?

தெரியாது. அதற்குத்தான் மாத்திரைக்கு மாத்திரை சீராக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பத்து மாத்திரையைத் தனித்தனியே செய்ய வேண்டும். 1 மி.கி. கிளிமிபிரைடு, 2 மி.கி. குளோர்பெனிரமின் மாதிரி சின்ன அளவுகள் தூளில் ஒரே சீராகக் கலப்பது கடினம். இருபதின் சராசரி 100 என்று வந்தாலும் ஒரு மாத்திரையில் 70, இன்னொன்றில் 130 இருக்கலாம். என் அம்மா காலையில் போடுவது சராசரியை இல்லை, ஒரு மாத்திரையை.

அஸே பாஸ் என்றால் மருந்து பத்திரமா?

இல்லை. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்ததை எல்லாரும் படித்தோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப், பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் மூன்றும் சேர்ந்த கூட்டு. தமிழ்நாட்டு அரசு ஆய்வில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். சிறுநீரகத்தை அழிக்கும் விஷம் அது.

அந்த மூன்று மருந்துக்கும் எவ்வளவு நுணுக்கமான ஹெச்பிஎல்சி முறை இருந்தாலும் டைஎத்திலீன் கிளைக்கால் அதில் தெரியாது. யூவியில் அது ஒளி உறிஞ்சும் பொருளே கிடையாது. அதைப் பிடிக்க, பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராபி வேண்டும். சிரப்பில் மட்டும் பார்த்தால் தாமதம். புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின் டிரம் உள்ளே வரும்போதே ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் எடுத்துப் பார்க்க வேண்டும். 'சப்ளையர் சர்ட்டிபிகேட் இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையே போனாலும் இந்த ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று என் கீழ் வேலை செய்யும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வாங்கிய மருந்தில் சந்தேகம். பொதுமக்கள் சோதிக்க வழி உண்டா?

உண்டு. 1940-ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதற்காகத்தான். வாங்கியவர் படிவம் 14ஏ-வில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை கேட்கலாம். அறிக்கை படிவம் 14பி-யில் கையெழுத்தோடு வரும். தமிழ்நாட்டில் அரசு மருந்துப் பரிசோதனை ஆய்வகங்கள் சென்னையிலும் மதுரையிலும் உள்ளன. பில்லையும், பிரிக்காத ஸ்ட்ரிப்புகளையும் பத்திரமாக வையுங்கள். மூன்று மாத்திரை மிச்சமிருக்கும் ஸ்ட்ரிப்பில் முழுச் சோதனை செய்ய முடியாது. மருந்தைச் சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் மருந்து ஆய்வாளர் அலுவலகம்.

அசிட்டோநைட்ரைல் விலை கட்டுப்படியாகவில்லை. மாற்று?

பல கூட்டுகளுக்கு மெத்தனால் போதும், சிலவற்றுக்கு எத்தனாலே போதும். அழுத்தம் கூடும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கழிவை சிங்க்கில் ஊற்றாதீர்கள். சிப்காட் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நிலத்தடி நீர் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை ஃபெயில், அதே வயலை (சாம்பிள் கரைசல் உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) மறுபடி செலுத்தினால் பாஸ். எதை எழுதுவது?

இரண்டையும் எழுது. அதற்கப்புறம் ஏன் என்று தேடு. காற்றுக் குமிழியா, ஊசி அடைப்பா, பீக் கோட்டை மெஷின் தப்பாக வெட்டியதா, எடையா, என் பிளாஸ்க் மாதிரி கரையாத படிவா. காரணம் கையில் கிடைத்து அதை நிரூபிக்கவும் முடிந்தால் முதல் எண்ணைச் செல்லாது என்று கையெழுத்திட்டு ஒதுக்கலாம். கிடைக்கவில்லை என்றால் முதல் எண் நிற்கும். பாஸ் வரும்வரை செலுத்திக்கொண்டே போவது சோதனை ஆகாது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1993-லேயே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பீக்கின் அடிக்கோட்டை மவுஸால் கொஞ்சம் இழுத்து 89.6-ஐ 90.1 ஆக்க முடியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இழுத்தால் கருவியின் பதிவில் உன் பெயர், தேதி, நேரம், பழைய கோடு, புதிய கோடு எல்லாம் இருக்கும். அப்படி ஒரு நாள் கை போனால் மவுஸை விட்டுவிட்டுச் சீனியரைக் கூப்பிடு. ராத்திரி இரண்டு மணியானாலும் எனக்குப் போன் செய்யலாம், எடுப்பேன்.